பகலில் அணைத்து வைக்கிற மெயின்

"குளிச்சுக்கிட்டிருக்கிற பொம்பளையை இருட்டுல விட்டுட்டு—"

"என் மீட்டரு, என் மெயினு. நான் போடுவேன், அணைப்பேன். ஒன்னைக் கேட்டுக்கிட்டா—"

"கண்ணு நெறைய சோப்பு நொரை. செவுத்தைத் தடவிக்கிட்டு வாரேன். வழுக்கி விழுந்திருந்தா—"

"விழலையில்ல. நல்லாத்தானே நின்னு பேசுறே."

"விழுகணும்னுதானே அணைச்சீங்க அக்கா?"

ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவள் என் கொழுந்தன் பெண்சாதி செங்கமலம். இந்தப் பக்கம் நின்றவள் நான், சொர்ணவல்லி. நாலு மாதத்துக்கு முந்திய சண்டை அது. நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் அதுதான்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். பகலில் மெயினைப் போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. காலையில் வாசல் தெளித்ததும் மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கிவிடுவேன். சாயந்திரம் விளக்கு வைக்கிற வேளையில்தான் மேலே தூக்குவேன். இடி விழுந்தால் கம்பி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் சொல்லுவார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. பழக்கம் போகவில்லை. இது மேல மூணாம் வீதிக்கே தெரியும். கொழுந்தன் ஆத்மநாதனுக்கும் நன்றாகத் தெரியும். இதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டை நீங்களே பார்த்தீர்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான வீடு. ஊருக்குள் கரண்டு வந்த புதிதில் என் வீட்டுக்காரர்தான் ஓடியாடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மீட்டர்ப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பேர் எழுதியிருக்கிறது. முதல் விளக்கை அவர் கூடத்தில் போடவில்லை. கிணற்றடிக் குளியலறையில் போட்டார். அங்கே ஒரு தடவை பாம்பு கிடந்தது. எனக்குப் பயம் என்பதால் அங்கே போட்டார். அந்த விளக்கைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும்.

அவர் காரியம் முடிந்த மூன்றாம் மாதம் வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. எனக்கு மேற்குப் பக்கம். பழைய மீட்டரும் மாட்டுக் கொட்டிலும் என்னோடு வந்தன. கிழக்குப் பக்கம் அவர்களுக்கு, குளியலறையும் அங்கே போயிற்று. கிணற்றைப் பாதியாக வெட்ட முடியாது, அதனால் சுவர் கிணற்றின் மேலேயே ஏறிப் போகிறது. அவர்களுக்கு ஒரு ராட்டினம், எனக்கு ஒரு ராட்டினம். ஒரே சமயத்தில் இறைத்தால் உள்ளே வாளிகள் இடித்துக்கொள்ளும். கொல்லைப் பக்கம் செங்கல் போதாமல் சுவர் நெஞ்சு உயரத்தோடு நின்றுவிட்டது. பேச்சு போகவும் வரவும் அது தோது.

எல்லாம் பிரிந்தது. கரண்டுதான் முழுக்கப் பிரியவில்லை. கொழுந்தன் தன் பக்கத்துக்குப் புது மீட்டர் வாங்கினார். வயர்மேன் ஆண்டிச்சாமி வந்து மூன்று நாள் ஏணியும் கையுமாக நின்று கம்பிகளைப் பிரித்தார். கடைசியில் குளியலறை விளக்கிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"இது ஓட்டுக்கு மேல சுத்திக்கிட்டு ஒங்க மீட்டருக்கு வருது ஆத்தா. மாத்தணும்னா புதுக் கம்பி வேணும். சண்டைக் காலம், கம்பியெல்லாம் பட்டாளத்துக்குப் போகுது. எனக்கு ஒரு முழங்கூட கெடைக்கல."

"அப்ப அவுக குளிக்கிற விளக்கு என் மீட்டர்ல எரியுமா?"

"கம்பி வார வரைக்கும் எரியட்டும். ஒரு பல்புதானே."

ஒரு பல்புதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அற்பமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். சாயந்திரம் என் விளக்குகளைப் போடுமுன் மீட்டர் முன்னால் நிற்பேன். என் வீட்டில் ஒன்றும் எரியாது. ஆனால் சக்கரம் சுற்றும். அதிலே ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது வரும், போகும், வரும். செங்கமலம் குளிக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். கோடு நின்றால் குளித்துவிட்டாள். தனியாக இருக்கிறவளுக்கு அதுவும் ஒரு துணை மாதிரித்தான் இருந்தது.

பிறகுதான் கொழுந்தன் ஒரு நாள் காலையில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர் ஐயா. யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார்.

"நீங்க ஏன் அண்ணி ஒத்தையா ஒலை வச்சுக்கிட்டு? எங்ககூட வந்து சாப்புடுங்க. இந்தப் பக்கத்தை வாத்தியார் ஒருத்தரு வாடகைக்குக் கேக்குறாரு. பொன்னமராவதிப் பக்கத்துக்காரரு, குடும்பத்தோட வாராரு."

"நான் எங்கிட்டுப் படுக்குறது தம்பி?"

"பின்கட்டு ரூம் சும்மாத்தானே கெடக்கு."

பின்கட்டு அறை எனக்குத் தெரியும். பருத்திக்கொட்டை மூட்டை போடுகிற அறை. என் மாமியார் கடைசி இரண்டு வருஷம் அங்கேதான் கிடந்தார். தட்டைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு வந்தவள் நான். அதனால் அந்த அறையில் உள்ளே இருப்பவருக்கு வெளியே என்னென்ன கேட்கும், வெளியே இருப்பவருக்கு உள்ளேயிருந்து என்னென்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். நான் போனதில்லை.

வக்கீல் இரண்டு பேரைக் கேட்டேன். பிள்ளையில்லாத விதவைக்குப் பங்கு உண்டு என்றார் ஒருவர். நம்ம சமஸ்தானத்தில் அது செல்லாது, சோறு துணிதான் உண்டு என்றார் இன்னொருவர். கரண்டு ஆபீசில் ஒரு குமாஸ்தாதான் வழி சொன்னார். செத்துப்போனவர் பேரில் மீட்டர் ஓடக்கூடாதாம், பேர் மாற்ற வேண்டுமாம்.

"ஒங்க பேருக்கே மாத்தித் தாரோம்மா. ஆட்சேபணை இல்லைன்னு ஒங்க கொழுந்தனாரு ஒரு கையெழுத்துப் போடணும். அவுக பக்கத்து லைட் ஒண்ணு ஒங்க மீட்டர்ல எரியுதாமே, அதையும் கழட்டிரணும். ரெண்டு வீடும் சுத்தமாப் பிரிஞ்சிருந்தாத்தான் எழுதுவோம்."

சர்க்கார் முத்திரை போட்ட காகிதத்தில் என் பேர். மேற்குப் பக்க வீட்டில் தனியாகக் குடியிருப்பவள் சொர்ணவல்லி என்று அதில் இருக்கும். அது கையில் இருந்தால் என்னைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போட யாராலும் முடியாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குமாஸ்தா கொடுத்த விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுபோய்க் கொழுந்தனிடம் கொடுத்தேன். படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பாப்போம் அண்ணி" என்றார். அவர் 'பாப்போம்' என்று சொன்ன எந்தக் காரியமும் நடந்து நான் பார்த்ததில்லை.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு, சிவப்புக் கோடு சுற்றுகிற நேரமாகப் பார்த்து மெயினை இறக்க ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் இல்லை, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற நேரம்தான். காகிதம் ஞாபகம் வரட்டும் என்று. அதில் வந்ததுதான் நான் முதலில் சொன்ன சண்டை. இரண்டு பெண்கள் கத்துவதைக் கேட்டுக் கொழுந்தன் உள்ளேயிருந்து வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"போதும் அண்ணி. இன்னையிலருந்து ஒங்களுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை."

அதோடு பேச்சு நின்றது. ஆனால் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியுமா. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். சொல்ல வேண்டியதை அடுத்தவருக்குச் சொல்லாமல் ஆட்டுக்கோ உரலுக்கோ சொல்வோம். எங்கள் வீட்டில் அது என் மாட்டுக்கு வந்து சேர்ந்தது. செவலைப் பசு. கொட்டில் கொல்லைச் சுவரை ஒட்டி இருக்கிறது.

"ஏ செவலை, சில பேருக்கு நெஞ்சுக்குள்ளயும் ஒரு மெயின் இருக்கும் போல. வேணும்னா போட்டுக்குவாக, வேணாம்னா அணைச்சுக்குவாக." இது செங்கமலம்.

"செவலை, நீ பேசாம வைக்கோலைத் தின்னு. அடுத்த வீட்டுக் கரண்டுல மஞ்சள் தேச்சுக் குளிச்சவளுக கதை ஒனக்கு எதுக்கு." இது நான்.

"செவலை, தொட்டித் தண்ணியை மாத்தச் சொல்லுங்க. கொசு இங்கிட்டு வருது." இது கொழுந்தன். அவர் மாட்டிடம்கூட மரியாதையாகத்தான் சொல்லுவார்.

அது மூன்று பேர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு அசை போடும். எங்கள் வீட்டு விவகாரம் முழுக்கத் தெரிந்தது அந்த ஒரு ஜீவனுக்குத்தான்.

இதற்கு நடுவில் ஆண்டிச்சாமி ஒரு தடவை வந்தார். மழையில் கம்பி நனைந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர், ஓட்டின் மேலிருந்து இறங்கி என்னிடம் சொன்னார்.

"ஆத்தா, அந்தக் குளியலறை லைட்டுல யாரும் கை வச்சிராதீக. போற கம்பி ஒங்க மீட்டர்ல இருந்து, திரும்புற கம்பி அவுக மீட்டருக்கு. பிரிக்கையில கலந்து போச்சு, தப்பு என்னோடதுதான். கழட்டணும்னா ரெண்டு பக்கத்து மெயினும் அணைஞ்சிருக்கணும். அங்கிட்டும் சொல்லிருங்க."

சொன்னேன் ஐயா. அன்று சாயந்திரமே சொன்னேன். கொழுந்தன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார், செங்கமலம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கொட்டிலில் நின்றுகொண்டு தெளிவாகச் சொன்னேன்.

"செவலை, கேட்டுக்க. குளியலறை லைட்டைக் கழட்டுறதா இருந்தா அந்தப் பக்க மெயினையும் அணைக்கணும், இந்தப் பக்க மெயினையும் அணைக்கணும். ஒண்ணை மட்டும் அணைச்சா ஆளைத் தூக்கிரும். ஆண்டிச்சாமி சொல்லிட்டுப் போயிருக்காரு."

ராட்டினச் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது. கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம். அன்றைக்கு என் மனதில் ஒன்றும் இல்லை. நல்லதுக்காகத்தான் சொன்னேன். செங்கமலம் இதை உங்களிடம் சாட்சியாகவும் சொல்லிவிட்டாள், அக்கா எச்சரிச்சாக என்று. அதனால்தான் நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது நான் சொன்னதும் உங்கள் நோட்டில் இருக்கிறது. அன்று மேகமூட்டமாக இருந்தது, அரிசியில் கல் பொறுக்க வெளிச்சம் போதவில்லை, காலையிலிருந்தே மெயினைப் போட்டிருந்தேன் என்றேன். கொழுந்தன் தன் பக்க மெயினை மட்டும் அணைத்துவிட்டுத் துவைக்கிற கல்லின் மேல் ஏறியிருக்கிறார், கல் ஈரம், நான் பகலில் அணைத்துத்தான் வைத்திருப்பேன் என்று நம்பிவிட்டார் போலிருக்கிறது என்றேன். கடைசியாக, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

அதைக் கேட்டுச் செங்கமலம் என் காலடியில் விழுந்து அழுதாள்.

"பேச்சை நிறுத்துனது நாங்கதானே அக்கா. எப்படிக் கேப்பாரு? ரோசம் பாத்துச் செத்தாரே."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்குத் தலைமுடி நிறைய.

நேற்று நீங்கள் கூப்பிட்டு அனுப்பி ஒரு காகிதத்தைக் காட்டினீர்கள். கொழுந்தன் சட்டைப் பையில் இருந்தது என்றீர்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கரண்டு ஆபீஸ் பாரம். ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து. தேதி வியாழக்கிழமை. கீழே அவர் கையாலேயே எழுதியிருந்தார்: 'என் பக்கத்துக் குளியலறை விளக்கு கழற்றப்பட்டுவிட்டது. மேற்குப் பக்க மீட்டரை என் தமையனார் மனைவி சொர்ணவல்லி பேருக்கு மாற்றித் தர வேண்டியது.' கழற்றப்பட்டுவிட்டது என்று முதலிலேயே எழுதிவிட்டு அதை உண்மையாக்கப் போயிருக்கிறார். பொய் எழுத மனம் வராதவர்.

என்ன நினைக்கிறாய் என்று கேட்டீர்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுத்து அழகாக இருந்தது. ஒன்று மட்டும் கேட்க நினைத்து நேற்றுக் கேட்காமல் வந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டவர் இல்லாவிட்டாலும் அந்தக் காகிதம் செல்லும்தானே? உங்கள் வேலை முடிந்ததும் அதைக் கரண்டு ஆபீசுக்கு அனுப்பிவிட முடியுமா? செங்கமலம் சுவரை இடித்துவிடலாம், ஒரே வீடாக இருப்போம் என்கிறாள். தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறதாம். நான் அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மீட்டர் என் பேருக்கு வந்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.

ராத்திரி எழுந்து யோசித்தேன். காகிதத்தில் அவர் உண்மையை எழுதியிருக்கிறார், உங்கள் நோட்டில் என் பேருக்கு எதிரே பொய் இருக்கிறது. இரண்டும் ஒரே காகிதக் கட்டுக்குள் கிடக்கும். அது சரியாகப் படவில்லை. அதனால்தான் இன்று நானாக வந்தேன். வெள்ளிக்கிழமை நான் சொன்னதிலும் பொய் கொஞ்சம்தான். திருத்திக்கொள்ளுங்கள்.

அன்று மேகமில்லை. நல்ல வெயில். மெயின் அணைந்துதான் இருந்தது, எப்போதும் போல.

செங்கமலம் திருக்கோகர்ணத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மணி பத்து இருக்கும். கொல்லையில் சத்தம் கேட்டது. மாட்டைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணி."

நாலு மாதத்துக்குப் பிறகு. முறத்திலிருந்து கையை எடுத்தேன்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க செவலைகிட்டச் சொன்னது காதுல விழுந்துச்சு. குளியலறை லைட்டைக் கழட்டப் போறேன். என் பக்கம் அணைச்சுட்டேன். ஒங்க பக்கம் எப்பவும் போல அணைஞ்சுதானே இருக்கு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பேச்சு தொடங்கிவிடும். விளக்கைக் கழற்றிவிடுவார். அதன் பிறகு என் கையில் அணைக்கவும் போடவும் அவர்களுடையது ஒன்றும் இருக்காது. அவர் சட்டைப் பையில் காகிதம் அப்படியே இருக்கும், 'பாப்போம்' என்பார், பொன்னமராவதி வாத்தியார் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார். நான் பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு கதவிடுக்கில் தட்டு வருகிற சத்தத்துக்காகக் காத்திருப்பேன். இவ்வளவையும் அரிசியைப் பார்த்தபடியே யோசித்தேன்.

எழுந்தேன். முறத்தில் எறும்பு ஏறாமல் இருக்க ஓரமாக நகர்த்தி வைத்தேன். கூடத்திலிருந்து மீட்டர்ப் பலகைக்குப் பதினோரு எட்டு. என் வீட்டுக்காரர் பேர் எழுதின பலகை. கைப்பிடியை மேலே தூக்கினேன். சாயந்திரம் தூக்குவது மாதிரியேதான். கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் பொறுமையாகப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்று பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான். காத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவருக்கு எப்போதுமே கொஞ்சம் அவசரம் ஐயா.

சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். செங்கமலம் குளிக்கிறபோது அப்படிச் சுற்றுகிற சக்கரம் அன்று அசையவே இல்லை. கொல்லையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டபோதும் சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு மனுஷன் போவதற்கு மீட்டரில் ஒரு கோடுகூட ஏறாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு போய் அரிசியை முடித்தேன். கல் அதிகம் இல்லை.

உடனே கை வைத்துவிட்டார் என்று நான் சொல்வதும் முழுக்க நிஜம் இல்லை. கைப்பிடியைத் தூக்கின பிறகு, அந்தச் சத்தத்துக்கு முன்னால், அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கொட்டிலில் செவலை தலையை ஆட்டுகிற மணிச் சத்தம் மட்டும் கேட்டது. என் கை இன்னும் கைப்பிடியின் மேல்தான் இருந்தது, கீழே இறக்க ஒரு நொடி போதும். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு தடவை கேட்டார்.

"அண்ணி, இருக்கீங்களா? கை வைக்கட்டுமா?"